காப்புரிமை என்பது தரச்சான்று அன்று

சென்ற மழைக்காலத்தில், ஒரே நாளில், ஆஸ்துமா நோயாளிகள் இருவர் என் புறநோயாளர் அறைக்கு வந்தனர். ஒருவன் எட்டு வயதுச் சிறுவன். மற்றவர் அறுபதைக் கடந்த, ஓய்வு பெற்ற நூற்பாலைத் தொழிலாளி. அவர்களை யாரும் அடையாளம் காணாதிருக்கச் சில விவரங்களை மாற்றியே எழுதுகிறேன். இருவர் வாயிலும் அன்று ஒரே சொல் வந்தது. அந்தச் சொல்லைப் பற்றியதே இக்கட்டுரை.

சிறுவனின் தாய் ஒரு வழவழப்பான கோப்பை மேசைமேல் வைத்தார். வெளியே ஓர் ஆய்வகத்தில் செய்துகொண்ட உணவு ஒவ்வாமைப் பரிசோதனையின் அறிக்கை அது. இருநூறுக்கும் மேற்பட்ட உணவுப் பொருள்கள் பச்சை, மஞ்சள், சிவப்பு என மூன்று நிறங்களில் அச்சிடப்பட்டிருந்தன. பால், முட்டை, கோதுமை, நிலக்கடலை, துவரம்பருப்பு, வாழைப்பழம் ஆகியவை சிவப்பில் இருந்தன. ஏழு மாதங்களாக அச்சிறுவன் அவற்றில் ஒன்றையும் உண்ணவில்லை. எடை இரண்டு கிலோ குறைந்திருந்தது. வகுப்பில் பிறந்தநாள் இனிப்பு கொடுக்கும்போது கையை மடக்கிக்கொள்ளப் பழகியிருந்தான். இரைப்போ குறையவில்லை. அந்த அறிக்கையை ஏற்க நான் தயங்கியதைக் கண்டு தந்தை கேட்டார்: "பேடன்ட் வாங்கின டெஸ்ட்னு மேலேயே போட்டிருக்கே டாக்டர், அது தப்பா இருக்குமா?"

பெரியவரின் கதை வேறு. கடுமையான ஒவ்வாமை ஆஸ்துமாவுக்காக அவருக்கு ஓமலிஸுமாப் என்னும் ஊசி மருந்தை நான் பரிந்துரைத்திருந்தேன். நான்கு வாரத்துக்கு ஒருமுறை போடவேண்டியது. எதிர்பார்த்த பயன் தெரியவில்லை. அவர் உடல் இம்மருந்துக்கு இணங்கவில்லை என்று குறித்துவிட்டு நிறுத்திவிடலாமா என எண்ணிக்கொண்டிருந்தேன். தற்செயலாக, முந்தைய ஊசிகளின் தேதிகளைக் கேட்டேன். எட்டு வாரம், ஒன்பது வாரம் என இடைவெளி விழுந்திருந்தது. டாக்டர்தான் அப்படிச் சொன்னார் என்று வீட்டில் கூறியிருக்கிறார். என்னிடம் தலை குனிந்தபடி சொன்னார்: "கையில காசு சேர்ந்தாத்தானே வர முடியும் டாக்டர்? பேடன்ட் மருந்து, விலை அப்படித்தான் இருக்கும்னு கடையில சொல்லிட்டாங்க. உங்ககிட்ட சொல்லக் கூச்சமா இருந்துச்சு."

ஒரு குடும்பம் அந்தச் சொல்லை நம்பி ஏமாந்தது. மற்றொரு குடும்பம் அதே சொல்லின் முன் கைகட்டி நின்றது. காப்புரிமை என்பது நல்ல மருந்து என்பதற்கான முத்திரை அன்று. மாற்ற முடியாத விதியும் அன்று. அது என்ன, எதுவரை செல்லும், எங்கே நின்றுவிடும் என்பதை நோயாளிகளும் அவர்களைப் பராமரிப்போரும் அறிந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

காப்புரிமை அலுவலகம் எதைப் பார்க்கிறது?

காப்புரிமை என்பது கண்டுபிடிப்பாளருக்கும் அரசுக்கும் இடையே நிகழும் ஒரு கொடுக்கல் வாங்கல். கண்டுபிடித்தவர் தம் கண்டுபிடிப்பை மறைக்காமல் முழுமையாக எழுத்தில் வெளியிட வேண்டும். அதற்கு ஈடாக, விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகளுக்கு, அவருடைய இசைவின்றிப் பிறர் அதனைச் செய்யவோ விற்கவோ இயலாது. காலம் முடிந்ததும் அது பொதுச்சொத்தாகிவிடும்.

இதனை வழங்குமுன் காப்புரிமை அலுவலகம் முக்கியமாக மூன்றைப் பார்க்கிறது. இது புதியதா? அத்துறை அறிந்த ஒருவருக்கு எளிதில் தோன்றிவிடாத படைப்பாற்றல் இதில் உண்டா? இதனைத் தொழில்முறையில் செய்து பயன்படுத்த முடியுமா? நோயாளி குணமடைகிறாரா, பக்க விளைவு எவ்வளவு, ஏற்கெனவே உள்ள மருந்தைவிட இது மேலானதா என்று ஒப்பிட்டுச் சான்றளிப்பது அந்த அலுவலகத்தின் பணி அன்று. மருந்தின் பாதுகாப்பையும் பயனையும் ஆராய்ந்து விற்பனைக்கு அனுமதிப்பது மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பின் வேலை. இரண்டும் வெவ்வேறு வாசல்கள். ஒரு வாசலில் பெற்ற சீட்டை மறுவாசலில் காட்ட முடியாது.

ஆகவே ஓர் உறையின்மேல் "காப்புரிமை பெற்றது" என்று எழுதியிருந்தால் அதன் பொருள், "இதனை நாங்கள் மட்டுமே விற்கலாம்" என்பதே. "இது உங்களுக்குப் பயன்படும்" என்பதன்று. "காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டது" என்னும் வாசகத்தின் பொருள் இன்னும் சிறியது. விண்ணப்பம் எவரும் செய்யலாம்.

சென்னையில் தொடங்கிய ஒரு வழக்கு

இந்தியாவின் காப்புரிமைச் சட்டத்துக்கும் நம் மாநிலத்துக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்து பின்னர் உச்ச நீதிமன்றத்துக்குச் சென்ற என். ராஜகோபால ஐயங்கார் 1959இல் அளித்த அறிக்கையே 1970ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு அடித்தளம். அச்சட்டம் 1972இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை இல்லை. அதனைச் செய்யும் முறைக்கு மட்டுமே உண்டு. ஆகவே நம் நிறுவனங்கள் ஒரே மருந்தை வேறு வழியில் செய்து குறைந்த விலைக்கு விற்க முடிந்தது. இன்று பல நாடுகளின் நோயாளிகள் இந்திய மாத்திரைகளை உண்பதற்கு அதுவே தொடக்கம்.

உலக வர்த்தக அமைப்பின் உடன்பாட்டால் 2005 ஜனவரி 1 முதல் மருந்துப் பொருளுக்கும் காப்புரிமை வழங்க வேண்டியதாயிற்று. கதவைத் திறக்கும்போதே நம் நாடாளுமன்றம் ஒரு தாழ்ப்பாளையும் வைத்தது. அது சட்டத்தின் 3(டி) பிரிவு. ஏற்கெனவே அறிந்த ஒரு மருந்தின் உப்பு வடிவம், படிக வடிவம், உடலில் அது சிதைந்து உருவாகும் பொருள் போன்றவற்றைப் புதுக் கண்டுபிடிப்பாகக் கொள்ள முடியாது; நோய் தீர்க்கும் ஆற்றல் கூடியிருப்பதைக் காட்டினால் மட்டுமே காப்புரிமை என்பது அதன் சாரம்.

அத்தாழ்ப்பாள் தாங்குமா என்பது சென்னையில் சோதிக்கப்பட்டது. நாள்பட்ட மயலாய்டு இரத்தப் புற்றுநோய்க்கு இமாட்டினிப் என்னும் மாத்திரை ஒரு பெரும் திருப்புமுனை. முன்பு சில ஆண்டுகளில் உயிரைப் பறித்த அந்நோயை, நாள்தோறும் மாத்திரை உண்டு நெடுங்காலம் அடக்கி வாழும் நிலைக்கு அது மாற்றியது. அதன் ஒரு படிக வடிவத்துக்குக் காப்புரிமை கோரி நோவார்டிஸ் நிறுவனம் 1998இல் சென்னையில் விண்ணப்பித்தது. மும்பையைச் சேர்ந்த புற்றுநோயாளர் உதவிச் சங்கம் எதிர்ப்பு மனு அளித்தவர்களுள் ஒன்று. 2006 ஜனவரியில் சென்னைக் காப்புரிமை அலுவலகம் விண்ணப்பத்தை மறுத்தது. 3(டி) பிரிவே செல்லாது என்று தொடுத்த வழக்கை 2007இல் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. இறுதியாக 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் காப்புரிமை இல்லை என்றது. ஆற்றல் என்றால் நோய் தீர்க்கும் ஆற்றலே என்றும் தெளிவாக்கியது.

அந்நாளில் நிறுவனத்தின் மாத்திரைக்கு மாதம் ஏறத்தாழ 1,20,000 ரூபாய். இந்தியப் பொதுப்பெயர் மாத்திரைக்கு ஏறத்தாழ 8,000 முதல் 10,000 ரூபாய். வாழ்நாள் முழுவதும் உண்ண வேண்டிய மருந்தில் இந்த வேறுபாடு, வீட்டை விற்பதற்கும் விற்காமலிருப்பதற்கும் உள்ள வேறுபாடு.

சட்டத்தில் இன்னொரு வழியும் உண்டு. முறையாக வழங்கப்பட்ட காப்புரிமையாக இருந்தாலும், மருந்து மக்களுக்கு எட்டாத விலையில் இருந்தால், மற்றொருவர் அதனைச் செய்ய அரசு கட்டாய உரிமம் அளிக்கலாம். கல்லீரல், சிறுநீரகப் புற்றுநோய்களுக்கான சோராஃபெனிப் மருந்துக்கு 2012 மார்ச்சில் அவ்வாறு அளிக்கப்பட்டது. மாதம் 2,80,428 ரூபாயாக இருந்த மருந்தை, நாட்கோ நிறுவனம் 8,880 ரூபாய்க்கு மிகாமல் விற்க வேண்டும். காப்புரிமையாளரான பேயர் நிறுவனத்துக்கு விற்பனையில் ஒரு பங்கைத் தர வேண்டும் என்பது நிபந்தனை.

காப்புரிமை வழங்கப்படுமுன் எவர் வேண்டுமானாலும் எதிர்ப்புத் தெரிவிக்கலாம் என்கிறது நம் சட்டம். நோயாளியும் தெரிவிக்கலாம். மருந்துகளுக்குக் கட்டுப்படாத காசநோய்க்கான பெடாகுவிலின் மாத்திரையின் உப்பு வடிவத்துக்குக் காப்புரிமை கோரப்பட்டபோது எதிர்த்தவர்கள் காசநோயிலிருந்து மீண்ட இரு பெண்கள்: மும்பையின் நந்திதா வெங்கடேசன், தென்னாப்பிரிக்காவின் ஃபுமேஸா டிசிலே. பழைய காசநோய் மருந்துகளின் நச்சு விளைவால் இருவரும் செவித்திறனை இழந்தவர்கள். 2023 மார்ச்சில் அவ்விண்ணப்பம் மறுக்கப்பட்டது. மூலக் காப்புரிமை முடிந்ததும் மற்ற நிறுவனங்கள் அம்மருந்தைச் செய்ய வழி திறந்தது. நோயாளி இத்துறையில் வெறும் பார்வையாளர் அல்லர் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

நோயாளியின் ஈரல் ஒரு தொழிற்சாலையா?

புற்றுநோயிலிருந்து என் துறையாகிய ஒவ்வாமைக்கு வருகிறேன். தும்மலுக்கும் அரிப்புக்கும் நாம் உண்ணும் சிறு மாத்திரைகளிலும் இதே கதை உண்டு.

தூக்கம் வராத முதல் ஒவ்வாமை மாத்திரைகளுள் ஒன்று டெர்ஃபெனடின். பிரிட்டனில் 1972இல் விண்ணப்பித்துப் பெற்ற அதன் காப்புரிமை 1992இல் முடிந்தது. மற்ற நிறுவனங்கள் அதனைச் செய்யத் தொடங்கின. அப்போது முதல் நிறுவனம் புதியதொரு வாதத்தை வைத்தது. டெர்ஃபெனடினை விழுங்கியவுடன் ஈரல் அதனை மற்றொரு பொருளாக மாற்றுகிறது. அப்பொருளுக்கும் எங்களிடம் காப்புரிமை உண்டு. ஆகவே இந்த மாத்திரையை விற்பவர்கள் நோயாளியின் உடலுக்குள் எங்கள் பொருளை உருவாக்கத் துணைபோகிறார்கள் என்றது. நோயாளியின் ஈரலையே உரிமமில்லாத பட்டறையாக்கும் வாதம் இது. 1995இல் பிரிட்டனின் பிரபுக்கள் அவை இதனை ஏற்கவில்லை. மாத்திரையை விழுங்கினால் ஒவ்வாமை அடங்கும் என்று முதல் காப்புரிமையே ஊரறியச் சொல்லிவிட்டது. அது முடிந்தபின் அதே பயனை வேறு பெயரில் மீண்டும் பூட்டி வைக்க இயலாது என்பது தீர்ப்பின் சாரம்.

ஆனால் இக்கதைக்கு ஒரு மறுபாதியும் உண்டு. அதனைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. சில பூஞ்சை மருந்துகளையும் நுண்ணுயிர்க்கொல்லிகளையும் சேர்த்து உண்ணும்போது ஈரலால் டெர்ஃபெனடினைச் சிதைக்க முடியாமல் போகும். அது இரத்தத்தில் தேங்கி, இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கி, உயிருக்கே ஆபத்தானதும் உண்டு. ஈரல் உருவாக்கும் அந்த இரண்டாம் பொருளுக்கு இத்தீங்கு இல்லை. அதுவே ஃபெக்ஸோஃபெனடின், இன்று நான் அடிக்கடி எழுதிக்கொடுக்கும் மாத்திரைகளுள் ஒன்று. டெர்ஃபெனடின் 1998இல் அமெரிக்கச் சந்தையை விட்டு நீங்கியது. இங்கே புதிய மருந்து உண்மையாகவே மேலானது.

இதனோடு மற்ற இரண்டை ஒப்பிடுங்கள். லொராடடின் உடலில் மாறி உருவாகும் பொருள் டெஸ்லொராடடின். செட்ரிசினின் ஒரு பாதி வடிவம் லெவோசெட்ரிசின். லொராடடினின் அமெரிக்கக் காப்புரிமை 2002இல் முடிந்தது. டெஸ்லொராடடினுக்கு அங்கே 2001 இறுதியில் அனுமதி கிடைத்தது. செட்ரிசினுக்கு 2007இல் முடிந்தது. லெவோசெட்ரிசினுக்கு அதே ஆண்டில் அனுமதி கிடைத்தது. பழையதன் பூட்டு திறக்கும் வேளையில் புதியது கடைக்கு வந்தது. இவையும் நல்ல மருந்துகளே. ஆயினும் பெரும்பாலான நோயாளிகளுக்கு, பழையதனால் கிடைத்த நிவாரணத்தைவிடப் புதியதனால் பெரிதாக ஒன்றும் கூடிவிடுவதில்லை.

ஆகவே புதியது என்ற ஒரே காரணத்தால் மயங்கவும் வேண்டாம், வெறுக்கவும் வேண்டாம். "எதில் மேலானது?" என்று கேளுங்கள். 3(டி) பிரிவு மருந்து நிறுவனத்திடம் கேட்பதும் இதே கேள்விதான்.

பரிசோதனைக்கு உரிமையாளர் யார்?

இனி, சிறுவனின் கோப்புக்கு வருவோம். ஒவ்வாமைக்கான நம்பத்தக்க பரிசோதனைகள் எவருடைய தனியுடைமையும் அல்ல. இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகர மருத்துவர் சார்லஸ் பிளாக்லி தாமே மகரந்தக் காய்ச்சலால் அவதியுற்றவர். தம் தோலைக் கீறி, அதில் மகரந்தத்தை வைத்து, எழுந்த தடிப்பைக் கண்டு, 1873இல் நூலாக வெளியிட்டார். அதன் திருந்திய வடிவமே இன்று நாம் செய்யும் தோல் குத்துப் பரிசோதனை. முன்கையில் சொட்டுகளை வைத்து நுனியால் இலேசாகக் குத்தி, 15 முதல் 20 நிமிடத்தில் தடிப்பை அளக்கிறோம். ஒவ்வாமைக்குக் காரணமான ஐஜிஇ என்னும் எதிர்ப்புப் புரதத்தை, 1966–67 ஆண்டுகளில் அமெரிக்காவில் இஷிசாகா தம்பதியும் சுவீடனில் யோஹான்சன், பென்னிச் ஆகியோரும் தனித்தனியே கண்டறிந்தனர். இரத்தத்தில் அதனை அளக்கும் பரிசோதனையும் 1967இலேயே வந்துவிட்டது.

நம் நாட்டுச் சட்டத்தின் 3(ஐ) பிரிவு, மனிதருக்கான சிகிச்சை முறைகளுக்கும் நோயறியும் முறைகளுக்கும் காப்புரிமை இல்லை என்கிறது. கருவிக்கும் வேதிப்பொருளுக்கும் பெறலாம். இந்த விலக்கின் எல்லை எது என்பதில் நீதிமன்றங்களில் வழக்குகள் நடந்ததும் உண்டு. ஆயினும் அடிப்படை எண்ணம் தெளிவானது: நோயை அறியும் அறிவை ஒருவர் வேலியிட்டு வைத்துக்கொள்ளலாகாது. அமெரிக்க உச்ச நீதிமன்றமும் 2012இல், ஒரு மருந்தின் அளவை இரத்தத்தில் பார்த்து மருந்தைக் கூட்டிக் குறைக்கும் முறைக்குக் காப்புரிமை இல்லை என்றது. 2013இல், மார்பகப் புற்றுநோய் அபாயத்தைக் காட்டும் பிராக்கா மரபணுக்கள் இயற்கையில் உள்ளவை, அவற்றைப் பிரித்தெடுத்ததாலேயே எவரும் உரிமை கொண்டாட முடியாது என்றது. தீர்ப்பு வந்த அன்றே வேறு ஆய்வகங்கள் அப்பரிசோதனையைச் செய்யப்போவதாக அறிவித்தன.

அப்படியானால் சிறுவனின் அறிக்கையில் இருந்தது என்ன? அது ஐஜிஇ அன்று; ஐஜிஜி என்னும் வேறொரு புரதம். நாம் வழக்கமாக உண்ணும் உணவுகளுக்கு நம் உடலில் ஐஜிஜி இருப்பது இயல்பு. "இவ்வுணவை உண்டு பழகியிருக்கிறாய்" என்றே அது சொல்கிறது. "இதனால் உனக்குத் தீங்கு" என்று சொல்லவில்லை. ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவர் சங்கம் 2008இலும், கனடாவின் சங்கம் 2012இலும், உணவு ஒவ்வாமையை அறிய இப்பரிசோதனையைப் பயன்படுத்த வேண்டாம் என்று வெளிப்படையாகக் கூறின. சிவப்பில் இருந்த பாலும் முட்டையும் அச்சிறுவன் ஏழு வயதுவரை ஒரு தொல்லையுமின்றி நாள்தோறும் உண்டவை. அதனால்தான் அவை சிவப்பாயின. கருவிக்குக் காப்புரிமை இருந்திருக்கலாம். அது காட்டிய எண்ணும் சரியாக இருந்திருக்கலாம். அந்த எண்ணுக்கு அவர்கள் கொடுத்த பொருள் தவறு.

சரியான பரிசோதனைக்கும் ஓர் எல்லை உண்டு. தோலில் தடிப்பு எழுந்தாலோ ஐஜிஇ கூடியிருந்தாலோ அது நாட்டத்தைக் காட்டுமேயன்றி, நோயை உறுதிசெய்யாது. எதை உண்டீர்கள், எத்தனை நிமிடத்தில் என்ன நேர்ந்தது, மீண்டும் உண்டபோது அது திரும்பியதா என்னும் வரலாறே முதற்சான்று. அந்த வரலாற்றைச் சொல்ல உங்களுக்கும், பொறுமையாகக் கேட்க எங்களுக்கும் எவரிடமும் உரிமம் பெறவேண்டியதில்லை.

ஒரு நூற்றாண்டுக்குப் பின்

கடும் ஒவ்வாமை அதிர்ச்சியில் உயிர் காக்கும் முதல் மருந்து அட்ரினலின். ஜப்பானிய வேதியியலர் ஜோகிச்சி டகாமினே அதனைத் தூய வடிவில் பிரித்தெடுத்து 1903இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். 1911இல் நியூயார்க் நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. இன்று அதன் மூலக்கூறு எல்லாருக்கும் பொது. நம் நாட்டின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளது. ஒரு குப்பியின் விலை மிகக் குறைவு.

ஆனால் அதனைத் தாமே குத்திக்கொள்ளும் பேனா வடிவக் கருவியின் கதை வேறு. அமெரிக்காவில் எபிபென் கருவி இரண்டின் விலை 2007இல் ஏறத்தாழ 100 டாலர்; 2016இல் ஏறத்தாழ 600 டாலர். உள்ளே இருப்பது நூறாண்டு கடந்த அதே மருந்து. பூட்டு மருந்திலிருந்து கருவிக்கு இடம் மாறிவிட்டது. நம் நாட்டில் இப்பேனாக்கள் எளிதில் கிடைப்பதில்லை. ஆகவே மிகுந்த அபாயமுள்ளவர்களின் குடும்பத்தாருக்குக் குப்பியையும் ஊசிக்குழலையும் கொண்டு, தொடையின் வெளிப்புறத்தில் சரியான அளவைச் செலுத்தக் கற்றுக்கொடுக்கிறோம். இதனை மருத்துவரிடம் நேரில் பயிலாமல் எவரும் முயலக் கூடாது.

மறுபக்கம்

காப்புரிமையே வேண்டாம் என்பது என் கருத்தன்று. ஒரு புதிய மருந்து ஆய்வகத்திலிருந்து நோயாளியை அடையப் பல ஆண்டுகளும் பெரும் பொருளும் வேண்டும். இடையில் தோற்றுப்போகும் மருந்துகளே மிகுதி. வெற்றி பெற்ற ஒன்றுக்கேனும் சிறிது காலம் பாதுகாப்பு இல்லையெனில் எவரும் முதல் போடமாட்டார். இமாட்டினிப், பெடாகுவிலின், ஓமலிஸுமாப் ஆகியவை இல்லாத காலத்துக்குத் திரும்ப நான் விரும்பவில்லை.

காப்புரிமை முடிந்த மறுநாளே விலை வீழ்ந்துவிடும் என்றும் சொல்வதற்கில்லை. ஓமலிஸுமாப் போன்ற உயிரியல் மருந்துகள் உயிருள்ள செல்களில் உருவாக்கப்படுபவை. அவற்றுக்கு நிகரானதைச் செய்வதும், நிகர் என்று நிறுவுவதும் கடினம். அமெரிக்காவில் 2003இல் அனுமதி பெற்ற அம்மருந்துக்கு நிகரான முதல் உயிரொப்பு மருந்து ஐரோப்பாவில் 2024இலும், அமெரிக்காவில் 2025இலும்தான் அனுமதி பெற்றது. அங்கே வழி திறந்துவிட்டது. விலை இறங்கக் காலம் ஆகும்.

ஆனால் உண்மையான கண்டுபிடிப்புக்கு ஒருமுறை தரும் பரிசு வேறு. அதே மருந்துக்கு உப்பையும் படிகத்தையும் மாற்றி மாற்றி மறுபடியும் கேட்கும் பரிசு வேறு. முன்னதை மதிக்கவும் பின்னதை மறுக்கவும் நம் சட்டம் வழி செய்திருக்கிறது. அந்த வேறுபாட்டைத் தளர்த்தச் சொல்லும் வற்புறுத்தல்கள் வெளியிலிருந்து வந்தவண்ணம் உள்ளன. அது தளரக் கூடாது என்று ஒரு மருத்துவராக நான் கருதுகிறேன். தளர்ந்தால் அதன் விலையைக் கொடுப்பவர்கள் இந்த இதழைக் காத்திருப்புக் கூடத்தில் அமர்ந்து படிக்கும் நீங்களே.

நீங்கள் கேட்கவேண்டியவை

சட்டம் பெரியவர்களின் காரியம் என்று ஒதுங்க வேண்டாம். மருத்துவர் அறையில் நீங்கள் கேட்கக்கூடிய கேள்விகள் சில உண்டு.

புதிய மருந்தை எழுதினால், "இது பழையதைவிட எனக்கு எதில் மேலானது?" என்று கேளுங்கள். உறக்கம் குறையுமா, ஆபத்து குறையுமா, மருத்துவமனையில் சேரும் நாள்கள் குறையுமா? விடை தெளிவாக வர வேண்டும்.

"இதற்குப் பொதுப்பெயர் மருந்து உண்டா?" என்று கேளுங்கள். ஆஸ்துமாவுக்கும் மூக்கு ஒவ்வாமைக்கும் அடிப்படையான பல மருந்துகள் காப்புரிமைக் காலத்தைக் கடந்தவை. மக்கள் மருந்தகங்களில் குறைந்த விலையில் கிடைப்பவையும் அவற்றுள் உண்டு. ஆனால் இன்ஹேலரை மாற்றினால் உறிஞ்சும் முறையும் மாறக்கூடும். எங்களிடம் ஒருமுறை செய்துகாட்டிவிட்டு மாற்றுங்கள்.

பரிசோதனைக்கு முன், "இதன் முடிவு என் சிகிச்சையில் எதை மாற்றும்?" என்று கேளுங்கள். ஒன்றையும் மாற்றாது என்றால் அது வேண்டியதில்லை. அறிக்கையை மட்டும் நம்பிக் குழந்தையின் உணவை நிறுத்தாதீர்கள். நெடுநாள் நிறுத்திய உணவை நீங்களாகத் திரும்பத் தொடங்கவும் வேண்டாம்; அரிதாக அப்போது கடும் ஒவ்வாமை வரலாம்.

கடைசியாக, செலவு தாங்கவில்லை என்றால் முதல் நாளே சொல்லுங்கள். இதில் குறை எங்கள்பால்தான் அதிகம். இரத்த அழுத்தத்தைக் கேட்கும் நாங்கள் வருமானத்தைக் கேட்பதில்லை. அந்தப் பெரியவரிடம் முதல் ஊசியின்போதே கேட்டிருந்தால் அவருடைய ஓராண்டு வீணாகியிராது. அதன்பின், விலை உயர்ந்த மருந்தை எழுதும் ஒவ்வொரு முறையும், "இதைத் தொடர்ந்து வாங்க முடியுமா?" என்று நானே கேட்கப் பழகிக்கொண்டேன்.

அவர் இன்ஹேலரை உறிஞ்சும் முறை தவறாக இருந்ததையும் அன்றே கண்டேன். அதனைத் திருத்தினோம், குறைந்த விலை இன்ஹேலருக்கு மாற்றினோம், ஊசிக்கான உதவியை எங்கள் மருத்துவ சமூகப் பணியாளர் தேடித்தந்தார். இப்போது நான்கு வாரத்துக்கு ஒருமுறை தவறாமல் வருகிறார். மாடிப்படி ஏறி வந்ததாகச் சென்ற மாதம் சொன்னார்.

சிறுவனுக்குத் தோல் குத்துப் பரிசோதனை செய்தோம். வீட்டுத்தூசிச் சிற்றுண்ணிக்குப் பெரிய தடிப்பு. பாலுக்கும் முட்டைக்கும் ஒன்றுமில்லை. இங்கேயே எங்கள் கண்பார்வையில் ஒவ்வோர் உணவாகத் திரும்பக் கொடுத்தோம். மூன்றாம் நாள் அவித்த முட்டையைக் கையில் வாங்கியவன் உடனே உண்ணவில்லை; தாயின் முகத்தைப் பார்த்தான். அவர் தலையசைத்த பின்னரே கடித்தான். அவன் தந்தை அந்தக் கோப்பை எங்கள் அறையிலேயே விட்டுச் சென்றார். அட்டையில் பொன்னெழுத்துகள் இன்னும் மங்கவில்லை. இப்படியோர் அறிக்கையோடு எவரேனும் வரும்போது, அதனை எடுத்துக் காட்டியே பேச்சைத் தொடங்குகிறேன்.